விம் என்னும் உரைத் தொகுப்பானில் பல வரிகளின் தொடக்கத்தில் ஒரே சொல்லைச் சேர்ப்பது எப்படி?

போடிமெட்டுவாசி:
போடியில் ஏலக்காய் வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதி வருகிறேன். ஏல லாட்டுகளைக் குறித்துவைத்த கோப்பு ஒன்றில் 412 வரிகள் உள்ளன. முதல் 180 வரிகள் போடி ஏலத்துக்கும், எஞ்சியவை கேரளத்துப் புத்தடி ஏலத்துக்கும் உரியவை. ஒவ்வொரு வரியின் முன்னும் ஊர்ப்பெயரைச் சேர்க்க வேண்டும். கண்ட்ரோல்-வி அழுத்தி வரிகளைக் கட்டமாகத் தேர்ந்துகொண்டு ஆங்கிலச் சிறிய ஐ (i) விசையைத் தட்டினால் எதுவும் நடப்பதில்லை. பெரிய ஐ (I) தட்டி எழுதினால் முதல் வரியில் மட்டும் பெயர் விழுகிறது. கண்ட்ரோல்-சி கொடுத்து வெளியே வந்த பிறகும் மற்ற 179 வரிகள் பழையபடியே இருக்கின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

கொழிஞ்சாம்பாறை:
ஐயா, தவறு உங்கள் கடைசி விசையில்தான் இருக்கிறது. கட்டமாகத் தேர்ந்த வரிகளில் பெரிய ஐ கொடுத்து எழுதும்போது, விம் முதல் வரியில் மட்டுமே எழுத்தைக் காட்டும். எஸ்கேப் அழுத்திய பிறகே அதை மற்ற வரிகளிலும் பதிக்கும். கண்ட்ரோல்-சி செருகும் நிலையிலிருந்து வெளியேற்றிவிடுமே தவிர, அந்தப் பதிப்பைச் செய்யாது. சிறிய ஐ வேலை செய்யாததற்குக் காரணம் வேறு: தேர்வு நிலையில் அது 'உள்ளே' என்று பொருள்படுவதால், அடுத்து ஒரு விசை வரும் என்று விம் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், கட்டளையாகத் தட்டும் எழுத்தும் தமிழாகவே போய்ச் சேரும், விம்முக்கு அது புரியாது. ஆகவே பெரிய ஐ வரை ஆங்கில விசைப்பலகையில் இருந்து, பிறகு தமிழுக்கு மாறி ஊர்ப்பெயரை எழுதுங்கள். எஸ்கேப்புக்கு மொழி கிடையாது.

நகரி_கணினி:
விண்டோஸ் டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் கண்ட்ரோல்-வி என்பது ஒட்டும் விசையாகிவிடுவதால், அங்கே கண்ட்ரோல்-க்யூ பயன்படுத்த வேண்டும். ஆனால் 180 வரிகளுக்குக் கட்டத் தேர்வே தேவையில்லை என்பது என் கருத்து. முக்காற்புள்ளி இட்டு 1,180 என்று எழுதி, இடைவெளி விடாமல் சிறிய எஸ், சாய்கோடு, கூரைக்குறி (^), சாய்கோடு, ஊர்ப்பெயர், சாய்கோடு என்று முடித்து என்டர் தட்டுங்கள். கூரைக்குறி வரியின் தொடக்கத்தைக் குறிக்கும். புத்தடிக்கு 181,412 என்று மாற்றினால் போதும். கண்ணுக்கெட்டும் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மட்டுமே நான் கட்டத்தைத் தொடுவேன்.

போடிமெட்டுவாசி:
இருவருக்கும் நன்றி. எஸ்கேப் அழுத்தியதும் 180 வரிகளிலும் 'போடி' வந்துவிட்டது. புத்தடி வரிகளை நகரி நண்பர் சொன்ன கட்டளையால் முடித்தேன். இனி ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'கிலோ' சேர்க்க வேண்டும், ஆனால் வரிகள் ஒரே நீளத்தில் இல்லையே?

கொழிஞ்சாம்பாறை:
கட்டமாகத் தேர்ந்த பின் டாலர் குறியை அழுத்துங்கள். தேர்வு ஒவ்வொரு வரியின் முடிவு வரை நீளும். பிறகு பெரிய ஏ (A) தட்டி எழுதி, எஸ்கேப் கொடுங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள வரிகளின் நடுவில் மட்டும் கட்டத்தை நம்ப வேண்டாம்: கொம்பும் காலும் திரையில் பிடிக்கும் இடத்தை டெர்மினல் ஒருவிதமாகவும் விம் வேறுவிதமாகவும் கணக்கிடுவதுண்டு என்பதால், நேராகத் தெரியும் கட்டம் உள்ளே கோணலாக இருக்கக்கூடும். ஏதேனும் பிசகினால் சிறிய யு ஒருமுறை தட்டுங்கள், எல்லா வரிகளும் பழைய நிலைக்குத் திரும்பும்.