மறு: கைனேஸுக்கு ‘இயக்கு நொதி’ பொருந்துமா?

> கிரேக்க மூலத்தில் அசைவு என்று பொருள். எனவே ‘இயக்கு நொதி’ என்றே சொல்லலாம்.

நண்பர்களுக்கு வணக்கம்.

கைனேஸ் (kinase) என்பது மற்ற மூலக்கூறுகளின்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துண்டை ஏற்றுகிற நொதி. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே நம் பேச்சு. மூலச்சொல் பற்றி நண்பர் சொன்னது சரிதான். ஆனால் அந்த நொதி செய்கிற வேலைக்கு இந்தப் பெயர் ஒத்துவரவில்லை. இங்கே மதுரையில் தமிழ்வழியில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்காகத் தோல் நிறமும், நிறமிச் செல்லில் தோன்றும் மெலனோமா என்ற தோல் புற்றும் பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள். பெயரைப் படித்ததுமே நொதியின் வேலை அவர்களுக்குப் பிடிபட வேண்டும் என்பது என் ஆசை.

வெயில் பட்டதும் தோலில் நடப்பதைப் பாருங்கள். புற ஊதாக் கதிரால் டிஎன்ஏ சிதைந்த மேல்தோல் செல்கள் ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பக்கத்து நிறமிச் செல்லின் எம்சி1ஆர் என்ற ஏற்பியில், அதாவது வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் புரதத்தில், போய் ஒட்டுகிறது. உள்ளே அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை, செல்லுக்குள் சேதி கடத்துகிற சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றுகிறது. அதனால் புரதக் கைனேஸ் ஏ விடுபட்டு, கிரெப் என்ற புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. நிறமி உற்பத்தியை முடுக்கும் எம்ஐடிஎஃப் மரபணு விழித்துக்கொள்கிறது, மெலனினை உண்டாக்குகிற டைரோசினேஸ் நொதி பெருகுகிறது, தோல் நிறமியான மெலனின் கூடுகிறது. இதுவரைக்கும் ‘இயக்கு நொதி’ பொருந்தத்தான் செய்கிறது.

அப்புறம்தான் சிக்கல். அதே எம்ஐடிஎஃப் புரதத்தின் 73ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் எர்க் என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றும்போது, புரதத்தின் வேகமும் கூடுகிறது, அதை அழிப்பதற்கான அடையாளமும் விழுகிறது. ஒரே பாஸ்பேட்டுக்கு இரண்டு விளைவுகள்! ஜிஎஸ்கே3 என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றினால் பீட்டா கேட்டனின் என்ற புரதம் நேராக அழிவுக்கே போகிறது. இதை ‘இயக்கு நொதி’ என்று எழுதிவிட்டு, ‘இங்கே மட்டும் இயக்காது’ என்று அடிக்குறிப்பா போட முடியும்? கைனேஸ்களுக்குப் பொதுவான வேலை, பெரும்பாலும் ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு மூலக்கூறின்மேல் ஏற்றுவது. ஆகவே என் பரிந்துரை ‘பாஸ்பேட்டேற்றி’.

ஏற்றியதைக் கழற்றுகிற பாஸ்பட்டேஸுக்குப் ‘பாஸ்பேட்டுநீக்கி’ என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் மீளக்கூடிய வினை என்று கண்டதற்குத்தான் ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மீள்தன்மை இந்தப் பெயர்களிலேயே தெரிகிறது.

> கைனேஸைக் ‘குறிகை நொதி’ என்றால் எளிதாக இருக்குமே.

அக்கா, குறிகை என்பது செல்லுக்குள் சேதி கடத்துவது; அதைப் பெரிய குடும்பப் பெயராக வைத்துக்கொள்வோம். அடினைலேட் சைக்ளேஸும், சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கிற பாஸ்போடைஎஸ்டரேஸும் குறிகை நொதிகளே. ஆனால் இரண்டும் கைனேஸ் அல்ல. குளுக்கோஸின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிற ஹெக்ஸோகைனேஸோ, கைனேஸாக இருந்தும் அதன் முதல் வேலை சர்க்கரைச் சிதைவுதான்.

புது மாணவருக்கு இந்தச் சொல் எவ்வளவு உதவும் என்பது மெலனோமாவுக்கு வரும்போது நன்றாகத் தெரிகிறது. பிராஃப் ஒரு பாஸ்பேட்டேற்றி. ராஸ் என்ற புரதம் சொன்னால்தான் அது வேலை செய்ய வேண்டும். செய்தால் மெக், எர்க் என்ற அடுத்தடுத்த கைனேஸ்களுக்கு வரிசையாகக் கட்டளை இறங்கும். பிராஃபின் 600ஆவது இடத்திலுள்ள வேலின் என்ற அமினோ அமிலம் குளூட்டமிக் அமிலமாக மாறிவிட்டால், யாரும் சொல்லாமலே ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. 2002இல் தெரியவந்த இந்தப் பிறழ்வு தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இந்தப் பிறழ்ந்த பிராஃபைத் தடுக்கிற வெமுராஃபெனிப் என்ற மருந்தைப் ‘பாஸ்பேட்டேற்றித் தடுப்பி’ என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒன்றையும் பாடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். கருத்த தோலுக்கு மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். வெயில் அதற்கு முக்கியக் காரணமில்லை. வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர் அதைக் கால் ஆணி என்றோ, முள் குத்திய தழும்பு என்றோ எளிதாக விட்டுவிடலாம். இந்த வகையில் பிராஃப் பிறழ்வு குறைவு. சிலரிடம் கிட் என்ற ஏற்பியில் பிறழ்வு இருக்கும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிற ஏற்பி அது; ஆகவே அதன் வகைப்பெயர் ‘ஏற்பி டைரோசின் பாஸ்பேட்டேற்றி’. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு துண்டும் பொருள் தருகிறது.

ஒரு தடை வரும் என்று தெரியும்: பாஸ்பாரிலேஸ் என்ற நொதியும் பாஸ்பேட்டை ஏற்றுகிறதே? அது ஏடிபியைத் தொடுவதில்லை. தனிப் பாஸ்பேட்டைக் கொண்டு கிளைக்கோஜனிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கிறது. எனவே பாஸ்பேட்டைக் கொண்டு பிரிப்பது என்ற பொருளில் ‘பாஸ்பேட்டுப்பிரிப்பி’ எனலாம். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பாடத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் மாற்றிக்கொள்கிறேன்.

மெலனோமாவுக்குக் ‘கரும்புற்று’ மட்டும் வேண்டாம். நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. கறுப்பைத் தேடி அதைத் தவறவிடக் கூடாது.

அன்புடன்,
மதுரையிலிருந்து