பின் (pin) வரைபடத்தை எந்தப் பக்கம் பார்த்து வரைந்தோம்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நுண்கட்டுப்படுத்திப் (மைக்ரோகன்ட்ரோலர்) பலகைக்கு நான் வரைந்த முதல் பின் வரைபடம், அதாவது பலகையின் ஒவ்வோர் இணைப்பு ஊசியும் எது என்று காட்டும் படம், எவ்வாறு தவறாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே வேலையில் ஈடுபட்டிருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால், புதிதாக வரைய வருபவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ராஸ்பெரி பை பிகோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையைக் கொண்டு நடத்திய ஒரு பயிற்சி வகுப்புக்காக அந்த வரைபடத்தைத் தயாரித்தேன். அந்தப் பலகையில் பின்களின் பெயர்கள் அடிப்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பிரெட்போர்டில் (வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) செருகிய பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது என்பதால், மாணவர்கள் முழுக்க முழுக்க என் தாளையே நம்ப வேண்டியிருந்தது. நானோ பலகையைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்து எழுத்துகளைப் பார்த்து, யூஎஸ்பி செருகுமுனை மேலே இருக்குமாறு அப்படியே வரைந்துவிட்டேன். மேலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலம் மாறிய படம்.

அச்சிடுவதற்கு முன் நான் சரிபார்க்காமல் இல்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் (இரு இடங்கள் மின்னிணைப்பில் உள்ளனவா என்று காட்டும் நிலை) வைத்து, வரைபடத்தில் தரை (கிரவுண்ட், GND) என்று குறித்திருந்த எட்டு இடங்களையும் பலகையில் தொட்டுப் பார்த்தேன். எட்டும் சரியாக இருந்தன. காரணம் பிறகுதான் விளங்கியது. பிகோவின் தரைப் பின்கள் ஒரு வரிசையில் 3, 8, 13, 18. எதிர் வரிசையில் 23, 28, 33, 38. மேலிருந்து எண்ணினால் இரு வரிசைகளிலும் அவை அதே 3, 8, 13, 18 ஆம் இடங்களில்தான் வருகின்றன. படத்தை இடவலம் மாற்றினாலும் தரை மட்டும் மாறாது. என் சோதனை, பிழையைக் காட்டவே முடியாத இடங்களில் மட்டும் நடந்திருக்கிறது.

வகுப்பில் முதல் பயிற்சி, ஜிபி0 (GP0) என்ற 1 ஆம் பின்னில் ஓர் எல்இடி. என் படத்தின்படி இணைத்தால் அது உண்மையில் 40 ஆம் பின்னான விபஸ்ஸில் (VBUS), அதாவது யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் போய்ச் சேரும். நிரலை ஏற்றுவதற்கு முன்பே விளக்கு எரிந்ததைப் பார்த்துப் பலர் இணைப்பு சரியாகிவிட்டதென்றே மகிழ்ந்தார்கள். அடுத்தது ஜிபி1 பின்னுக்கும் தரைக்கும் இடையே ஒரு பொத்தான். ஜிபி1 இருக்கவேண்டிய இடத்துக்கு நேர் எதிரே இருப்பது விசிஸ் (VSYS), அதாவது பலகைக்கே மின்சாரம் தரும் தடம். பொத்தானை அழுத்திய மாணவி மின்வழங்கலை நேரடியாகத் தரையோடு சேர்த்துவிட்டார். பலகை அணைந்தது, கணினியும் அந்த யூஎஸ்பி இணைப்பைத் துண்டித்துவிட்டது. தான் ஏதோ உடைத்துவிட்டதாக அவர் பயந்துபோனதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. தாளில் இருந்தபடியே செய்தார்.

அதன் பிறகு ‘மேலிருந்து பார்க்கும் தோற்றம்’ என்று எழுதுவதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. யூஎஸ்பி செருகுமுனை, மேற்பக்கத்தில் உள்ள பூட்செல் (BOOTSEL) பொத்தான், நடுவிலுள்ள சில்லு ஆகியவற்றையும் அவற்றின் இடத்தில் வரைகிறேன். கையிலிருக்கும் பலகையில் அந்தப் பொத்தான் கண்ணில் படுகிறதா என்று பார்த்தாலே போதும், படத்தையும் பலகையையும் ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளலாம். எண்களிலும் ஒரு மாற்றம் செய்தேன். ‘4 ஆம் பின்’ என்று சொன்னால் பலகையை எண்ணிப் பார்ப்பவர் ஜிபி2 பின்னைத் தொடுவார். நிரலைப் பார்ப்பவர் ஜிபி4 பின்னைத் தேடுவார், அது 6 ஆம் இடத்தில் இருக்கிறது. ஆகவே நிரலில் எழுதும் பெயரைப் பலகைக்கு வெளியே பெரிய எழுத்திலும், இட எண்ணைப் பலகையின் கோட்டுக்கு உள்ளே சிறிய எழுத்திலும் தருகிறேன். (ராஸ்பெரி பை கணினியின் 40 பின் வரிசையில் இதே குழப்பம் இன்னும் ஆபத்தானது: நிரலில் ஜிபிஐஓ (GPIO) 4 என்று எழுதுவது இருப்பது 7 ஆம் பின்னில், 4 ஆம் பின்னில் இருப்பது 5 வோல்ட்.)

மறுமொழி

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. படம் சரியாகத்தான் இருந்தது. அதில் இருந்தவை அளவுக்கு அதிகம். இஎஸ்பி32 (ESP32) என்ற வைஃபை வசதியுள்ள நுண்கட்டுப்படுத்திப் பலகைக்கு ஒவ்வொரு பின்னுக்கும் ஐந்தாறு வண்ணப் பட்டைகளில் எல்லாச் செயல்பாடுகளையும் எழுதி வைத்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து ரிலேயின் (மின்சைகையால் இயங்கும் சுவிட்ச்) உள்ளீட்டை ஜிபிஐஓ 12 இல் இணைத்த நண்பர், மின்சாரம் கொடுத்தால் பலகை தொடங்குவதே இல்லை, ரிலே வயரைப் பிடுங்கினால் தொடங்குகிறது என்று இரண்டு நாட்கள் போராடினார். இஎஸ்பி32 இன் வழக்கமான வ்ரூம் (WROOM) தொகுதிகளில், தொடங்கும் கணத்தில் அந்தப் பின் உயர்நிலையில் (ஹை) இருந்தால் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதிலாக 1.8 வோல்ட் தேர்வாகிவிடும். அவருடைய ரிலே பலகையோ அந்த வயரை உயர்நிலைக்கு இழுத்து வைத்திருந்தது. அந்த எச்சரிக்கை என் படத்தில் எங்குமே இல்லை.

இப்போது நான் வரையும் படத்தில் பின்னின் பெயருக்கு அடுத்து வருவது அதன் கட்டுப்பாடுதான். 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே, உட்புற இழுப்புத் தடையும் (pull-up, pull-down) அவற்றுக்கு இல்லை. 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்கு உரியவை, ஆகவே அவற்றைக் குறுக்குக் கோடிட்டு மூடிவிடுகிறேன். இரண்டாவது ஏடிசியின் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) பின்களை வைஃபை இயங்கும்போது அளவீட்டுக்கு நம்ப முடியாது. ஒரு பின் என்னென்ன செய்யும் என்பதைத் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளலாம். வயரைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த நொடியில் தெரியவேண்டியது, இங்கே எதை இணைக்கக்கூடாது என்பது.

மறுமொழி

எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. பல படங்களில் 5 வோல்ட் சிவப்பிலும் சாதாரணப் பின்கள் பச்சையிலும் இருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒரே மங்கலான பழுப்பு. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் மற்றவர்களுக்கும் இதே நிலைதான். மின்வழங்கல் பின்களுக்குச் சதுரக் கட்டம், தரைக்கு நிரப்பிய கறுப்புக் கட்டம், மற்றவற்றுக்கு வட்டம் என்று வடிவத்தால் வேறுபடுத்தினால், நிறமே இல்லாமலும் படிக்க முடியும். டிஎக்ஸ் (தரவை அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) பின்களுக்குப் பக்கத்தில் வெளியே செல்லும் அம்பும் உள்ளே வரும் அம்பும் போட்டால், டிஎக்ஸை டிஎக்ஸோடு சேர்க்கும் பிழையும் குறையும்.

பதிவைத் தொடங்கியவர்

வடிவங்களைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. என் படங்களை இந்த வாரமே மாற்றி வரைகிறேன். சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அச்சான தாளை அந்தப் பலகையை இதுவரை தொடாத ஒருவரிடம் கொடுத்து, மின்சாரம் இல்லாமல் எல்லா வயர்களையும் இணைக்கச் சொல்வேன். பிறகு வயர்களைக் கழற்றிவிட்டு, பலகைக்கு மின்சாரம் கொடுத்து, படத்தில் 3.3 வோல்ட் என்று காட்டியுள்ள இடத்தில் மல்டிமீட்டரை வைப்பேன். பிகோவில் அது 36 ஆம் பின். படம் இடவலம் மாறியிருந்தால் அங்கே இருப்பது ஜிபி3, மீட்டர் 3.3 காட்டாது.