மறு: பணிப்பலகை ஆவணம் – ‘டிரான்சிஷன்’ என்பதற்குக் ‘கடவை’

அனைவருக்கும் வணக்கம்.

பணிகளைப் பலகையில் அட்டைகளாக அடுக்கிக் கண்காணிக்கும் கருவிகளை ஏஐ முகவர் (பயனருக்காகக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) இயக்க நாம் எழுதும் தமிழ் ஆவணத்தில் எந்தச் சொற்களை வைப்பது என்ற இழைக்கு என் பதில் இது. டாஸ்க் போர்டுக்குப் பணிப்பலகை, கார்டுக்கு அட்டை இரண்டும் சரி. பலகையில் அட்டைகள் நிற்கும் பத்திக்கு (column) ‘நிரல்’ மட்டும் வேண்டாம். நம்மில் பாதிப் பேருக்கு ப்ரோகிராம்தான் நினைவுக்கு வரும். ‘வரிசை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது, ‘டிரான்சிஷன்’ என்பதற்கு முன்மொழிந்த ‘நிலைமாற்றம்’. சொல்லில் பிழை இல்லை. ஆனால் இந்த ஆவணத்தைப் படித்துக் கருவியை இயக்கப்போவது ஏஐ முகவர் என்பதால் அது போதவில்லை.

பணிகளைக் கண்காணிக்கும் ஜிரா மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பணியின் தலைப்பையோ விளக்கத்தையோ திருத்துவதுபோல அதன் நிலையைத் திருத்த முடியாது. ‘செய்யவேண்டியது’ நிலையிலிருந்து ‘முடிந்தது’ நிலைக்குப் போக, அந்தத் திட்டத்தை அமைத்தவர் ஒரு வழி வகுத்து வைத்திருக்க வேண்டும். அந்த வழிதான் டிரான்சிஷன். அதற்குத் தனி எண் உண்டு. நிலையின் எண் வேறு. சில வழிகளில் போகும்போது, பணி எப்படித் தீர்ந்தது என்ற புலத்தையும் (field) நிரப்பியாக வேண்டும். எந்த வழி திறந்திருக்கிறது என்பது பணி இப்போது இருக்கும் நிலையையும் கேட்பவரின் அனுமதியையும் பொறுத்தது. ஆகவே முகவர் முதலில் ஏபிஐயிடம் (வேறு மென்பொருள்கள் ஜிராவோடு பேசுவதற்கான இடைமுகம்) வழிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து ஒன்றின் எண்ணை எடுத்து அனுப்ப வேண்டும்.

இதை “நிலையை மாற்ற நிலைமாற்றத்தைப் பயன்படுத்தவும்” என்று எழுதினால் மனிதரே குழம்பிப்போவார். முகவர் நிலைப் புலத்தில் நேரடியாக ‘முடிந்தது’ என்று எழுதப் பார்க்கும். பிழை வரும். அப்புறம் இன்னொரு திட்டத்தில் கண்ட எண்ணை இங்கே போட்டுப் பார்க்கும்.

அதனால்தான் ‘கடவை’யைப் பரிந்துரைக்கிறேன். இலங்கையில் பாதசாரிக் கடவை, ரயில் கடவை எல்லாம் அன்றாடச் சொற்கள். கடப்பதற்கென்றே குறித்துவைத்த இடம் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ட இடத்தில் கடக்கக் கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘கடவு’ போதாதா என்றால், அதே ஆவணத்தில் கடவுச்சொல்லும் வரும், தேடும்போது கலந்துவிடும். வரைவு இப்படி இருக்கலாம்:

“பணியின் நிலையை நேரடியாகத் திருத்த முடியாது. முதலில் அந்தப் பணிக்குத் திறந்திருக்கும் கடவைகளைக் கேட்டுப் பெறவும். வேண்டிய நிலைக்குச் செல்லும் கடவை பட்டியலில் இல்லையென்றால், அங்கேயே நிறுத்திப் பயனரிடம் தெரிவிக்கவும். கடவை எண்ணை ஊகிக்க வேண்டாம்.”

முகவர்களுக்கு ஆங்கிலமே போதுமே என்று ஒரு மடலில் கேட்டிருந்தார்கள். கட்டளைப் பெயர்களும் புலப்பெயர்களும் கருவியில் உள்ளபடியேதான் இருக்கும். ஆனால் பயனர் தமிழில்தானே பேசுவார்? “அந்த அட்டையை மூடிடு” என்பார். மென்பொருள் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் கிட்ஹப்பில் ஓர் இஷ்யூவை (பதிவு செய்த பணி அல்லது சிக்கல்) மூடினால் வேலை முடிந்தது, அல்லது செய்யப்போவதில்லை என்று பொருள். பணிப்பலகைக் கருவியான ட்ரெல்லோவின் ஏபிஐயில் அட்டையின் ‘க்ளோஸ்டு’ (மூடியது) புலம் ‘ட்ரூ’ (ஆம்) என்றால் அட்டை ஆர்க்கைவுக்குப் போய்விட்டது என்றுதான் பொருள். வேலை முடிந்ததா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அட்டையை ‘முடிந்தது’ வரிசைக்கு நகர்த்தச் சொன்னதாகப் பயனர் நினைத்திருக்க, முகவர் அதைப் பலகையிலிருந்தே மறைத்திருக்கும். எனவே நம் விளக்கங்களில் ‘மூடு’ எங்குமே வேண்டாம். பயனர் அப்படிச் சொன்னால் எதைக் குறிக்கிறார் என்று கேட்கும்படி ஆவணத்திலேயே எழுதிவிடலாம்.

ஆர்க்கைவ் செய்வதற்குப் ‘பரணிடு’. தமிழ் விக்கிப்பீடியாவின் மேற்கோள்களில் ‘பரணிடப்பட்டது’ என்று பார்த்துப் பழகியதுதான். டெலீட்டுக்கு ‘அழி’. இரண்டுக்குமே ‘நீக்கு’ என்று ஒரு பட்டியலில் வந்திருந்தது. இந்த இழையிலேயே என்னைப் பயமுறுத்தியது அதுதான். பரணிட்ட அட்டையைத் திரும்ப எடுக்கலாம், அழித்தால் போனது போனதுதான். ட்ரெல்லோ திரையில் அட்டையைப் பரணிட்ட பிறகே அழிக்கும் பொத்தான் தெரியும். ஏபிஐயில் அந்த இடைப்படி கிடையாது, ஒரே அழைப்பில் காரியம் முடிந்துவிடும். ஒரு கருவி எதையாவது அழிக்கக்கூடியதா என்று குறித்துவைக்க, முகவர்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்பு, தடுப்பு அல்ல. அதை மட்டும் நம்பி விளக்கவரியைக் குழப்பமாக விட்டுவிட முடியாது.

ஏஜென்ட்டுக்கு முகவரா, ஏவலரா என்பதைத் தனி இழையில் பேசலாம். அதுவரை ‘முகவர் கேட்கும்’, ‘முகவர் செய்யும்’ என்று அஃறிணை வினையோடு எழுதுவோம். காதுக்கு இடறத்தான் செய்கிறது. ஆனால் ‘கேட்பார்’ என்று எழுதினால் கேட்பது மனிதரா மென்பொருளா என்று தெரியாது. கடவை, பரணிடு, அழி மூன்றிலும் மறுப்பு இருந்தால் வரைவில் ஏற்றுமுன் சொல்லுங்கள்.

அன்புடன்