அப்ரண்டிஸுக்கு அரசு தரும் 1,500 ரூபாய் யார் கணக்கில் ஏறும்?

கணபதி_டர்னிங்:
கோவையில் சிஎன்சி டர்னிங் யூனிட். ரோலில் 18 பேர், கான்ட்ராக்டர் ஆட்கள் 4 பேர். ஐடிஐ டர்னர் முடித்த மூன்று பேரை நேப்ஸில் (தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டம்) எடுக்கலாம் என்று யோசனை. ஸ்டைபண்டில் (பயிற்சிக்கால உதவித்தொகை) 25 சதவீதத்தை அரசிடம் எப்படி க்ளைம் பண்ணுவது? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? 18 பேருக்கு மூன்று அப்ரண்டிஸ் எடுக்க விடுவார்களா?

எச்ஆர்_பெருந்துறை:
க்ளைம் முறை போயாச்சுங்க. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுப் பங்கு நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. கம்பெனிக்கு ஒரு ரூபாயும் வராது, உங்கள் சுமை குறையும், அவ்வளவுதான். உச்சவரம்பு மாதம் 1,500. 2019 விதியில் ஐடிஐக்காரருக்குக் குறைந்தபட்சம் 7,000. அதில் 25 சதவீதம் 1,750 ஆனாலும் அரசு தருவது 1,500. உங்கள் பங்கு 5,500. நீங்கள் 10,000 கொடுத்தாலும் அரசு 1,500-ஐத் தாண்டாது. கணக்குப் போடும்முன் அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் இப்போது காட்டும் குறைந்தபட்சத் தொகையைப் பாருங்கள்.

எண்ணிக்கைக்குக் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்திதான். மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை எடுக்கலாம். 22 பேரில் அது 3.3, மூன்று பேர் தாராளம். 18 என்று மட்டும் பதிவு செய்தால் 2.7 ஆகி இடிக்கும். 30 பேர் முதல் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை உங்கள் விருப்பம்.

லேபர்_கன்சல்டண்ட்:
பிஎஃப், இஎஸ்ஐ வேண்டாம். ஆனால் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருந்தால் மட்டும். மஸ்டரில் (வருகைப் பதிவேடு) 'அப்ரண்டிஸ்' என்று எழுதிவைத்தால் போதாது, இன்ஸ்பெக்‌ஷனில் தொழிலாளி என்றே கணக்கு வைப்பார்கள். இஎஸ்ஐ இல்லாததால் லேத்தில் கை அடிபட்டால் இழப்பீடு முதலாளி தலையில்தான். சேர்க்கும் அன்றே ஒர்க்மென் காம்பன்சேஷன் (தொழிலாளர் இழப்பீடு) பாலிசியில் மூன்று பேரையும் ஏற்றிவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஸ்டைபண்டை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகக் கொடுத்து, போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பங்கு ஏறாமல் அரசுப் பங்கு நகராது.

கணபதி_டர்னிங்:
நன்றிங்க. பக்கத்து யூனிட்டில் பையன்களுக்கு அரசுப் பங்கு மாதக்கணக்கில் வரவில்லையாம். என்ன காரணமாக இருக்கும்?

எச்ஆர்_பெருந்துறை:
பெரும்பாலும் ஆதார் சீடிங். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு, என்பிசிஐ மேப்பரில் (எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று காட்டும் தேசியப் பட்டியல்) அந்தக் கணக்கு இணைந்திருப்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தார்களோ அங்கேதான் பணம் விழும். பழைய ஸ்காலர்ஷிப் கணக்கில் ஏறிக் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, ஆதாரிலும் ஐடிஐ சான்றிதழிலும் இனிஷியல், பிறந்த தேதி ஒத்துப்போகிறதா பாருங்கள். இதை ஒப்பந்தம் போடும்முன்பே சரிசெய்வது சுலபம்.

ஆடிட்டர்_ஆபீஸ்:
கம்பெனி கணக்குக்கே வரும் மானியம் வேறொன்று: பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா, 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை வேலையில் சேர்பவர்களுக்கு. பிஎஃப் இல்லாத அப்ரண்டிஸ் இதில் சேராது. பயிற்சி முடிந்து ரோலில் எடுத்தால் சேரும். 50 பேருக்குக் கீழுள்ள யூனிட் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்து ஆறு மாதம் தக்கவைக்க வேண்டும். பிஎஃப் சம்பளம் 10,000-க்கு மேல் 20,000 வரை என்றால் தலைக்கு மாதம் 2,000; உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டு வரை. கம்பெனி பான் எண்ணோடு இணைந்த கணக்கில் வரும். புதியவர்களுக்கு யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) எடுக்கும்போது உமாங் செயலியில் முகப் பதிவு அவசியம்.