வளைவெட்டா, விற்கீறலா?

க.: வணக்கம். கண்புரை நோயாளிகளுக்கான ஒப்புதல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃபெம்டோசெகண்ட் லேசரில் புரை எடுக்கும்போதே கண்ணின் முன்புறப் படலமான கார்னியாவில் வில்போல் வெட்டி, அதன் வளைவு ஒரு திசையில் கூடியிருப்பதால் வரும் சிதறல் பார்வையைக் குறைக்கிறார்களே, அந்த ‘ஆர்க்குவேட் கெரட்டாட்டமி’க்கு ஒரு சொல் வேண்டும். நாள்பட அந்தப் பலன் மாறுவதற்கும் ஒன்று. இப்போதைக்குக் ‘கருவிழிக் கீறல்’, ‘பின்னடைவு’ என்று போட்டிருக்கிறேன்.

செ.: வில் + கீறல் = விற்கீறல். லகரம் றகரமாகிறது. வேறென்ன வேண்டும்?

த.: புணர்ச்சி சரிதான் ஐயா. படிப்பவர் ‘விற்க’ வரை வந்து, எதை விற்கிறார்கள் என்று தேடுவாரே! ‘வளைகீறல்’ போதும். வினைத்தொகை, ஒற்று மிகாது. அச்சகத்தில் ‘வளைக்கீறல்’ ஆக்கினால் எலிவளைக்குப் போய்விடும்.

மரு. ந.: கீறலே வேண்டாம். நகம் பட்டு, நெல் உமி பட்டு வருகிறவர்கள் சொல்வதுதான் கீறல். இது கார்னியாவின் தடிமனில் சுமார் 80–85 விழுக்காடு ஆழம் இறங்கும் வெட்டு. வளைவு கூடிய அச்சின் இரு முனைகளிலும், 8–9 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் துண்டுகளாக விழும். அந்த அச்சு தட்டையாகும். அதற்குக் குறுக்கே உள்ளது சற்று வளைவு கூடும். மல்லாந்து படுத்ததும் கண் சில பாகை சுழல்வதால், உட்கார்ந்திருக்கும்போதே அச்சைக் குறிக்க வேண்டும். குறி தப்பினால் வெட்டு தப்பும். சிதறல் 1.5 டயாப்டரைத் (லென்ஸ் பவரின் அலகு) தாண்டினால், வெட்டுக்குப் பதில் பெரும்பாலும் அதைத் திருத்தும் உள்விழி லென்ஸான டோரிக் லென்ஸ்தான்.

ம. (யாழ்ப்பாணம்): ‘கருவிழி’யும் சிக்கல். உங்கள் ஆஸ்பத்திரிகளில் கருவிழி மாற்று என்றால் கார்னியா. ஊர்வழக்கில் நடுவில் கறுப்பாய்த் தெரிவது முழுக்கக் கருவிழி. எங்களுக்குக் கார்னியா விழிவெண்படலம், அதன் பின்னால் தெரியும் நிறவளையம் கதிராளி என இரண்டும் தனித்தனி.

செ.: கார்னியா வெளுத்தால் அது நோயம்மா! ஒளி புகும் படலத்துக்கு ‘வெண்’ எதற்கு? புரை என்ற சொல்லையே பாருங்கள்: குற்றம், உள்துளை, ஒப்பு. குறள் 292இல் ‘புரைதீர்ந்த’...

த.: ஐயா, வெள்ளிக்கிழமை.

மரு. ந.: ‘பின்னடைவு’ பற்றி ஒன்று. இரண்டு வேறு நிகழ்வுகளை அது ஒன்றாக்குகிறது. காயம் ஆறும்போது வெட்டின் பலன் ஓரளவு தேய்வது ஒன்று. அதைப் ‘பலன் தேய்வு’ எனலாம். வெட்டே இல்லாத கண்ணிலும் வயது ஏற ஏறச் செங்குத்து அச்சின் வளைவு குறைந்து, கிடை அச்சில் கூடுகிறது. இது மற்றது. இதனால்தான் செங்குத்தாக வளைவு கூடிய கண்ணில் கொஞ்சம் மிச்சம் விடுகிறோம். முழுதும் திருத்தினால் பத்து, பதினைந்து ஆண்டில் கிடைப்பக்கம் சாய்ந்துவிடும். அந்த மிச்சத்தைப் பார்த்து ‘ஆபரேஷன் சரியில்லை’ என்று நோயாளி நினைக்காதபடி கையேடு சொல்ல வேண்டும்.

த.: இரண்டாவதற்கு ‘அச்சுச் சாய்வு’?

மரு. ந.: அச்சு சாய்வதில்லை, அதன் எதிர் அச்சு மேலோங்குகிறது. ‘வயதுவழி அச்சுமாற்றம்’ ஒத்துவரும்.

ம.: நீளம். ஆனாலும் விளங்குது.

க.: ஆக, வளைவெட்டு, பலன் தேய்வு, வயதுவழி அச்சுமாற்றம். கார்னியா கார்னியாவாகவே இருக்கும். முதல் பக்கத்தில் சிதறல் பார்வைக்குச் ‘சிலிண்டர் பவர்’ என்றும் போடுகிறேன். கண்ணாடிச் சீட்டில் அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

செ.: சிலிண்டர் என்றால் சமையல் வாயு. கலைச்சொல் பட்டியலிலாவது விற்கீறலுக்கு ஓர் இடம் கொடுங்கள்.