கால்க்கும் இம்ப்ரெஸும் ஒரே நிறமாகத் தெரிகிறதாம், ஐகானுக்கு என்ன நிறம் போடலாம்?

பாடம்சொல்லி:

எங்கள் ஊர் நூலக மாடியில் சனி, ஞாயிறு கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். பழைய மெஷின்கள் 9, எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், எம்எஸ் ஆபிஸுக்குப் பதில் இலவச லிப்ரெஆபிஸ். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்ற பெயரெல்லாம் மனதில் நிற்காது. அதனால் முதல் நாளே நிறத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். நீலம் கடிதம், பச்சை கணக்கு, ஆரஞ்சு ஸ்லைடு. சுவரில் சார்ட்டும் ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் ஓய்வுபெற்ற மில் சூப்பர்வைசர் ஒருவர் மூன்று தடவை கால்க்குக்குப் பதில் இம்ப்ரெஸைத் திறந்தார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தி, "ஐயா, பச்சை... பச்சை" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஐகான்களை நானே வரைந்து மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். இன்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள் ஓரளவு தெரியும். கால்க்குக்கு ரோஸ், இம்ப்ரெஸுக்குக் கறுப்பு என்று போட்டால் சரிவருமா? எப்படி மாற்றுவது?

கோடுகிழிப்பவள்:

ரோஸ் வேண்டாம் சார். எக்ஸெல் பச்சை, கூகுள் ஷீட்ஸ் பச்சை, கால்க்கும் பச்சை. உங்களிடம் படித்தவர் நாளைக்கு மகன் வீட்டு லேப்டாப்பில் ரோஸைத் தேடிக்கொண்டிருப்பார். வேர்டும் ரைட்டரும் நீலமாக இருப்பதும் அப்படித்தான். ஊரே பழகிவிட்ட நிறத்தை மாற்றினால் நஷ்டம் நமக்குத்தான்.

நிறத்தை விட்டுவிடுங்கள், வெளிச்சத்தை மாற்றுங்கள். இப்போதிருக்கிற ஐகான்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சாம்பலில் எந்த இரண்டு ஒன்றுபோல இருக்கிறதோ, அங்கேதான் சிக்கல். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்று கணக்கிடும் சூத்திரத்தில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. அதனால் பச்சையை வெளிறச் செய்வது சுலபம். இம்ப்ரெஸின் ஆரஞ்சைச் செங்கல் நிறத்துக்கு இறக்குங்கள். கிம்பின் வியூ மெனுவில் டிஸ்ப்ளே ஃபில்டர்ஸ் என்று இருக்கும். அதில் நிறக்குறைபாட்டுக்கான வடிகட்டி உண்டு, அதையும் போட்டுப் பாருங்கள்.

பச்சைதெரியாதவன்:

அந்த ஐயாவின் கட்சி நான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஊர் முழுக்க சாயம், நமக்கு இப்படி ஒரு கண். நூல் கோனைக் கையில் கொடுத்தால் பாசிப் பச்சையா, பழுப்பா என்று சொல்லமாட்டேன். லேபிளில் ஷேடு நம்பரைப் பார்த்துத்தான் சொல்வேன். என் தாய்மாமாவுக்கும் இதே கதைதான். இது அம்மா வழியாக வருவது, எனக்குத் தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டாம், பெண்களில் அரை சதவீதம்தான். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். சொன்னால் அடுத்த நொடி சட்டையைக் காட்டி "இது என்ன கலர்?" என்பார்கள்.

எனக்கு கால்க்கும் இம்ப்ரெஸும் ஒரே மண் நிறத்தில், ஒன்று கொஞ்சம் பழசு, ஒன்று கொஞ்சம் புதுசு மாதிரி தெரியும். இன்னொன்று யாரும் கவனிக்காதது: லிப்ரெஆபிஸிலேயே தகவல் சேமிக்கும் பேஸின் ஊதா எனக்கு நீலம்தான், ரைட்டரின் தம்பி. படம் வரையும் டிராவின் மஞ்சளில் மட்டும் தடுமாறியதே இல்லை.

மேலே அந்தம்மா சொன்ன வெளிச்சக் கணக்கு சரி. ஆனால் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உதவும். டெஸ்க்டாப்பில் ஒற்றை ஐகான் தனியாகக் கிடந்தால் வெளிறிய மண்ணா, அழுத்தமான மண்ணா என்று எதோடு ஒப்பிடுவேன்? நான் தேடுவது உள்ளே இருக்கும் வெள்ளைப் படத்தைத்தான். கட்டம் என்றால் கணக்கு. 2023 பிப்ரவரியில் லிப்ரெஆபிஸ் 7.5 வந்தபோது ஐகான்களைப் புதிதாக வரைந்தார்கள், பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் உங்கள் டாஸ்க்பாரில் எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள்? 16 பிக்சலில் கட்டமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஒரு வெள்ளைத் தீற்றல்தான். வரைவதானால் உள்படத்தைப் பெரிதாக்குங்கள், கோடுகளைக் குறையுங்கள்.

அப்புறம் அந்த சார்ட்டையும் மாற்றுங்கள் சார். "பச்சை கணக்கு" என்று பெரிதாக எழுதி எதிரிலேயே ஒட்டிவைத்தால் அவர் எப்படி வாய் திறப்பார்?

டெர்மினல்தாசன்:

லிப்ரெஆபிஸின் ஆப்ஷன்ஸில் ஐகான் தீம் என்று ஒன்று வரும், கோலிப்ரே, பிரீஸ், சிஃப்ர், சுகபுரா என்று. அதை மாற்றினால் டூல்பார் படங்கள்தான் மாறும். புரோகிராம் ஐகான் அசையாது. ஒரு நாள் முழுக்க அதில் உட்கார்ந்து ஏமாந்தவன் சொல்கிறேன்.

அதை மாற்றும் வழி இது: ஃபைல் சிஸ்டத்தில் யுஎஸ்ஆர் என்ற ஃபோல்டர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ். அங்கே லிப்ரெஆபிஸ்-கால்க் என்ற டெஸ்க்டாப் ஃபைல் இருக்கும். அதை ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்துக்கு நகல் எடுங்கள் (கண்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் லோக்கல் தெரியும்). ஐகான் என்று தொடங்கும் வரியில் நீங்கள் வரைந்த எஸ்விஜி படத்தின் முழுப் பாதையைப் போடுங்கள். அப்டேட் வந்தாலும் போகாது, ஏனென்றால் சிஸ்டம் ஃபைலை நீங்கள் தொடவில்லை.

வகுப்புக்குள் வைத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. ஆனால் லிப்ரெஆபிஸ் என்ற பெயரும் லோகோவும் அதை வெளியிடும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் வணிகக்குறி. சொந்த ஐகான் போட்டு அதே பெயரில் மற்றவர்களுக்கு விநியோகிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அவர்கள் விதியைப் படித்துவிடுங்கள். நிரல் இலவசம் என்பதால் பெயரும் இலவசம் ஆகிவிடாது.

பாடம்சொல்லி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன். பச்சை பச்சையாகவே இருக்கிறது, கொஞ்சம் வெளிறல். இம்ப்ரெஸ் செங்கல் நிறம், உள்ளே பெரிய முக்கோணம். சார்ட்டைக் கிழித்துவிட்டு "கட்டம் கணக்கு, கோடு கடிதம், முக்கோணம் ஸ்லைடு" என்று எழுதினேன். ஐயா ஞாயிற்றுக்கிழமை வந்து சார்ட்டைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேராக கால்க்கைத் திறந்து பால் கணக்கு போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். டாஸ்க்பாரில் 24 பிக்சல். ரைட்டரின் நான்கு கோடும் கால்க்கின் கட்டமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிகிறது என்று இப்போது வேறொரு அம்மா சொல்கிறார். கட்டத்தை இரண்டுக்கு இரண்டாகக் குறைத்தால் ஜன்னல் மாதிரி ஆகிவிடுமா?