சிவப்பு ஈஸ்ட் காலனி என்றாலே லைகோபீனா?

நொதிப்பித்தன்:
நேற்று ஈஸ்ட்ராஜா எழுதியது: “டபிள்யூ303 என்ற ஆய்வக ஈஸ்ட் வகையில் பான்டோயா பாக்டீரியாவின் சிஆர்டி-ஈ, பி, ஐ மூன்று ஜீனையும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) வழியா ஏற்றியாச்சு. யூராசில் இல்லாத தட்டு செக்கச்செவேல். தக்காளிச் சிவப்பு நிறமியான லைகோபீன் ரெடி, எச்பிஎல்சி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் சோதனை) தண்டச்செலவு.” ஐயா, டபிள்யூ303-க்கு அடினைன் தயாரிக்க உதவும் ஏடிஈ2 ஜீன் பிறவியிலேயே பழுது. அடினைன் தீர்ந்ததும் இடைப்பொருள் வாக்குவோலில் (செல்லின் சேமிப்புப் பை) தேங்கி, எதையும் ஏற்றாமலே சிவக்கும். அடினைன் எவ்வளவு போட்டீர்கள்?

ஈஸ்ட்ராஜா:
எனக்கே பாடமா? நடுநடுவே வெள்ளைக் காலனியும் இருக்கு. பிளாஸ்மிட் உதிர்ந்தது வெள்ளை, இருப்பது சிவப்பு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

நொதிப்பித்தன்:
யூராசில் இல்லாத தட்டில், யூராசில் தயாரிக்கும் ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிட் உதிர்ந்தால் காலனியே வராது சாமி, அப்புறம் வெள்ளை எங்கிருந்து? அது பெட்டிட், அதாவது மைட்டோகாண்ட்ரியா கெட்ட செல். அது கெட்டுப்போனால் ஏடிஈ2 பழுதான ஈஸ்ட் சிவக்காது. கிளிசரால் தட்டில் இழுத்துப் பாருங்கள், வளராது. வெற்று பிளாஸ்மிட் ஏற்றியதையும் பக்கத்திலேயே இழுங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் அடினைன் போட்டும் சிவப்பு நின்றால் பேசலாம். அடினைன் எவ்வளவு?

கரோட்டின்கண்ணன்:
சண்டை எதுக்குண்ணே? எஃப்பிபி-ங்கிற மூலப்பொருளை ஸ்டெரால் பக்கம் இழுக்கிற ஈஆர்ஜி9 ஜீனைத் தூக்கிட்டா அது மொத்தமும் லைகோபீன் பக்கம் திரும்பிடும்ல.

நொதிப்பித்தன்:
தூக்கினால் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் இல்லாமல் செத்துப்போகும் தம்பி. காற்றோட்டமான வளர்ப்பில் வெளியே இருக்கும் ஸ்டெராலை அது உள்ளே எடுக்காது. ஈஆர்ஜி9-ஐ எச்எக்ஸ்டி1 புரோமோட்டரில் (ஜீனை இயக்கும் சுவிட்ச்) மாட்டு, குளுக்கோஸ் இறங்கும்போது தானாகத் தணியும். எஃப்பிபி உற்பத்தியைக் கூட்ட நுனி வெட்டிய எச்எம்ஜி1 ஜீனையும் சேர்.

ஈஸ்ட்ராஜா:
அசிட்டோன் ஊத்தினேன், கலர் இறங்குச்சு. போதுமா?

நொதிப்பித்தன்:
ஈரச் செல்லில் அசிட்டோன் ஊற்றினால் தண்ணீரில் கரைகிற ஏடிஈ2 சாயமும் கூடவே வரும். 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 நிமிடம் கொதிக்க விட்டு, உடனே ஐஸில் வைத்து, அமிலம் போகக் கழுவிவிட்டுப் பிழியுங்கள். கொதி கூடினால் லைகோபீனே சிதையும். அசிட்டோனில் பிஎச்டி (BHT, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) கலந்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். பிறகு ஹெக்சேனும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்குங்கள். லைகோபீன் என்றால் நிறம் மேலே ஹெக்சேனில் ஏறும், 444, 471, 502 நானோமீட்டரில் மூன்று ஒளி உறிஞ்சல் முகடு தெரியும். கீழேயே நின்றால் அது உங்கள் ஏடிஈ2. கேட்டது அடினைன் அளவு.

ஈஸ்ட்ராஜா:
பீட்டானின் (பீட்ரூட் நிறமி) விவாதத்துலயும் இதே ஆட்டம்தான் ஆடினீங்க.

நொதிப்பித்தன்:
பீட்டானினின் மூலப்பொருளான டோப்பா, ஆக்சிஜன் பட்டுக் கருத்த குழம்பைக் காட்டி “பீட்ரூட் சிவப்பு” என்றால் வேறென்ன சொல்வார்களாம்?

கரோட்டின்கண்ணன்:
பிளாஸ்மிடே வேண்டாம், குரோமோசோம்கள்ல திரும்பத் திரும்ப வர்ற டெல்டா இடங்கள்ல ஜீனைப் பதிச்சா தொல்லை விட்டது.

நொதிப்பித்தன்:
அடுத்தடுத்து விழுந்த நகல்கள் மறுவளர்ப்பில் ஒன்றோடொன்று சேர்ந்து கழன்றுவிடும். தொல்லை எங்கே விட்டது?

கரோட்டின்கண்ணன்:
வெவ்வேறு குரோமோசோம்ல ஒவ்வொரு நகலா வச்சா எப்படிக் கழலும்? எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்கண்ணே.

ஈஸ்ட்ராஜா:
அப்படிக் கேளு தம்பி!